ஆயுசுக்கும் ஒரே டிக்கெட்

“டிக்கெட், டிக்கெட்! எந்த நாளுக்குப் போவணும், ஜல்தி சொல்லு!” என்று அபிதா தறிக்குப் பக்கத்தில் நின்று விசில் ஊதினாள்.

அப்பா சம்பந்தம் தலையைத் தூக்கவில்லை. “வீசு,” என்றார்.

அபிதா விசிலைப் பாவாடையில் செருகிக்கொண்டு உட்கார்ந்து, சேலையின் கரைக்கு நூல் ஓட்டும் நாடாக் கட்டையை வீசினாள். ஊரெல்லாம் ஞாயிற்றுக்கிழமை லீவு. நெசவுக்காரர்களுக்கு மட்டும் அமாவாசைதான் லீவு. டி.வி. நாடகம் பார்க்க அவளை அரை மணி நேரம் விட்டதே பெரிய விஷயம்.

எண்பத்தாறில் அந்த ஆரணித் தெருவுக்கே ஒரு டி.வி.தான். அது பட்டு முதலாளி மாணிக்கவேல் வீட்டில் இருந்தது. ஞாயிறு சாயங்காலம் குழந்தைகள் நாடகம் ஒன்று வரும். அதில் ஓர் ஓட்டை பஸ். கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்க மாட்டார், எந்த நாள் என்றுதான் கேட்பார். போன வருஷமோ, போன தலைமுறையோ, சொன்ன நாளில் இறக்கிவிடுவார். ஒரு ஆளுக்கு ஆயுசுக்கும் ஒரே டிக்கெட்.

நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடி அப்பா அம்மாவை அதே கேள்வி கேட்கும், பிறகு திரும்பி வந்து பீற்றிக்கொள்ளும். முதலாளி தன் மகள் கண்ணகிக்குக் காது குத்திய நாளுக்கு டிக்கெட் எடுத்திருந்தார். அதை அவள் மூன்று வாரமாகச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அபிதாவுக்குத்தான் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அவளுக்கு அம்மா கிடையாது, அப்பா மட்டும்தான். அவரோ ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் மகளிடம் “வீசு”, “நிறுத்து” என்ற இரண்டு வார்த்தைகளுக்கு மேல் பேசியதில்லை. அடித்ததும் இல்லை, கொஞ்சியதும் இல்லை. பத்து வயசுக் குழந்தைக்கு அடியே தேவலாம்.

“சொல்லுப்பா. எல்லாரும் சொல்லிட்டாங்க, நீதான் பாக்கி.”

சம்பந்தம் தறியை மிதித்தபடியே சொன்னார்.

“மாசி அமாவாசை. நீ பொறந்த நாளு.”

அபிதாவின் கை அப்படியே நின்றுவிட்டது. “நெசமாவா? எத்தினி மணிக்குப்பா?”

“மூணு மணிக்கு எறக்கிவுடு.”

“நான் பொறந்தது நாலரைக்குன்னு ஜாதகத்துல எழுதிருக்குதே!”

“தெரியும். நாலரைக்குப் போயி பிரயோஜனம் இல்ல.”

ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய்க் காத்துக் கிடப்பாராம்! எந்தப் பிள்ளையின் அப்பாவும் இப்படிச் சொல்லவில்லை. அபிதா நாடாவைப் போட்டுவிட்டு முதலாளி வீட்டுக்கு ஒரே ஓட்டமாக ஓடினாள். “நிறுத்து” என்று அவர் சொல்லாமலே அவள் எழுந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கண்ணகி கேட்டுவிட்டு உதட்டைச் சுழித்தாள். “ஐய! உங்கம்மா செத்ததும் அன்னிக்குத்தானேடீ? அவங்கள உயிரோட பாக்கப் போறாரு. உன்னப் பாக்கத்தான் போறாருன்னு நெனச்சிகினியா?”

அபிதாவின் முகம் செத்துப்போனது. “என்னத்தான்!” என்று சொல்லிப் பார்த்தாள். குரலில் பலம் இல்லை.

முதலாளி மனைவி செல்லியம்மாளுக்கு மனசு பொறுக்கவில்லை. தாயில்லாப் பிள்ளை. அது ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்குவதைப் பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவள். “வாயேன், உங்கப்பனையே கேட்டுப்புடலாம்,” என்று அபிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். வேடிக்கை பார்க்கக் கண்ணகியும் பின்னாலேயே வந்தாள்.

முதலாளியம்மாளைப் பார்த்ததும் சம்பந்தம் தறிக்குழியிலிருந்து எழுந்து தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“இன்னா சம்பந்தம், மாசி அமாவாசைக்கு டிக்கெட் எடுத்துகினியாமே! பொண்டாட்டியப் பாக்கவா, பொண்ணப் பாக்கவா? நீ சொல்லுவேன்னு கொழந்த ஆசையா நின்னுகினு இருக்குது பாரு.” அபிதாவுக்குத் தெரியாமல் அவள் பக்கம் கண்ணைக் காட்டி, ‘பொண்ணு’ என்று சொல்லும்படி ஜாடையும் செய்தாள்.

ஜாடையெல்லாம் அந்த மனுஷனுக்குப் புரியாது. கேட்டதற்குப் பதில் சொல்வார், உள்ளதைச் சொல்வார்.

“ரெண்டு பேரையும் பாக்க இல்லீங்கம்மா. டாக்டரம்மாவப் பாக்கணும்.”

“அவங்கள இன்னாத்துக்கு?”

“மூணு மணிக்குத்தான் வெளிய வந்து கேட்டாங்க. தாயி, புள்ள, ரெண்டுல ஒண்ணத்தான் காப்பாத்த முடியும், யாரு வேணும்னாங்க. வயித்தப் பாத்து எல்லாரும் பையன்னு சொல்லிகினு இருந்தாங்க. தறிக்கு ஆள் வந்துட்டான்னு நெனச்சி, புள்ளன்னு சொல்லிட்டேன்.”

செல்லியம்மாள் அவசரமாக அபிதாவின் காதைப் பொத்தப் போனாள். அதற்குள் அவர் மிச்சத்தையும் சொல்லிவிட்டார்.

“போயி மாத்திச் சொல்லணும்மா.”