கொக்கியில் தொங்கிய படைப்பு

முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். பழைய போர்வையில் தூளி. மேலே ஆள் உயர இரும்புக் கொக்கி. ஒரு காலத்தில் டன் கணக்கில் இரும்பைத் தூக்கிய கொக்கி, இவள் பிள்ளையைத் தாங்காதா?

"வேண்டாம்டி," என்றான் கணவன். "வாசல்லயே எழுதிப் போட்டிருக்கான், இங்க படுக்கக் கூடாதுன்னு."

"படுக்கலையே. தொங்குறான்."

ஆற்றங்கரையில் மூடிக்கிடந்த இரும்பு ஆலையைக் கலைக்கூடமாக மாற்றியிருந்தார்கள். உள்ளே ஏசி. இவர்கள் வந்ததே அதற்குத்தான். வீட்டில் தகரக் கூரை கொதிக்கிறது. பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, ரெண்டு நாளாகப் பொட்டுத் தூக்கம் இல்லை. அழுது அழுது தொண்டையே கட்டிவிட்டது. இங்கே குளிர் பட்டதும் கண் சொருகிவிட்டான். இப்போது எழுப்பினால் அவ்வளவுதான்.

"அந்தக் கண்ணாடிக்காரம்மா வந்தா தொலைஞ்சோம். இப்பத்தான் பெஞ்சுல குறட்டை விட்ட ஆளை உலுக்கி வெளியே அனுப்பிச்சாங்க. நான் போய்த் தண்ணி பிடிச்சிட்டு வரேன்," என்று நைசாக நழுவினான்.

அவன் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் ஒரு செருமல். கறுப்பு உடை, மூக்கு நுனியில் கண்ணாடி. கலைக்கூடத்துப் பொறுப்பாளர் அம்மாவேதான். பின்னால் ஒரு பெரிய பார்வையாளர் கூட்டம்.

கண்ணாடிக்காரம்மா தூளியைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். அண்ணாந்து மாடியைப் பார்த்தார். அங்கே மேலதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"யாரோட படைப்பு இது?"

இவள் தூளியைப் பிடித்துக்கொண்டாள். "என்... என்னோடதுதாங்க."

"எவ்வளவு காலம் ஆச்சு?"

"பத்து மாசம் சுமந்தேங்க."

"சுமந்தாங்களாம்!" என்று கூட்டம் உச்சுக்கொட்டியது.

"தனி ஆளாவா?" என்றார் ஒரு தாடிக்காரர்.

"இல்லீங்க. எங்க வீட்டுக்காரரும்..."

"அவர் பங்கு என்ன?"

இவள் முகம் சிவந்தது. "ஆரம்பத்துல மட்டும்தாங்க."

தூளி உள்ளிருந்து ஒரு உதை வாங்கியது.

"அசையுதே! மோட்டார் வச்சிருக்கீங்களா?"

"மோட்டாரெல்லாம் இல்லீங்க. பால்தாங்க."

"பால்லயே ஓடுதா!" தாடிக்காரர் நெஞ்சில் கை வைத்தார். "இரும்பு செத்த இடத்துல பால்! அடடா, என்ன சிந்தனை!"

பக்கத்தில் நின்ற அம்மாள் மூக்கைச் சுளித்தார். "லேசா ஒரு வாடை வருதே. அதுவும் இதோட சேர்த்தியா?"

"அது இப்பத்தாங்க வந்துச்சு."

தாடிக்காரர் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" கண்ணாடிக்காரம்மா குறுக்கே பாய்ந்தார். தூளியைச் சுற்றி ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டினார். "இங்க யாரும் பேசக் கூடாது. செருப்பைக் கையில எடுத்துக்குங்க. யாருப்பா அங்க, அந்த விளக்கை அணை. ஏசிக் காத்து நேரா அடிக்குது பாரு, திருப்பி விடு."

படித்த ஜனம் மொத்தமும் செருப்பைக் கையில் ஏந்தி, பூனை நடை நடந்து அடுத்த கூடத்துக்குப் போனது. மாடியில் நின்றவரும் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

இவளுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பரிதாபம் ஒரு பக்கம். அத்தனை பெரிய கண்ணாடி போட்டும், அந்தம்மாவுக்கு ஒரு தூளியை அடையாளம் தெரியவில்லையே!

அந்தம்மா மட்டும் திரும்பி வந்தார். குனிந்து இவள் காதோடு சொன்னார்:

"துணி மாத்தணும்னா பின்னால என் ரூம் திறந்திருக்கும்மா. யார் கேட்டாலும் படைப்புன்னே சொல்லு. ரூல்படி இங்க குழந்தை தூங்கக் கூடாது. படைப்பு எவ்வளவு நேரம் வேணாலும் தொங்கலாம்."

"அய்யோ, அப்ப உங்களுக்கு முதல்லயே... நான் ஒருத்தி, உங்களைப் போயி ஒண்ணுமே தெரியாத..."

"ங்ங்ஙே!" என்று தூளி கூப்பிட்டது.