சொர்ணம்மாவின் பத்து நகங்கள்

"இந்த நகத்தோட நான் மீனைத் தொட்டேன்னு வைங்க, குழம்புல செதிலும் மிதக்கும், நகமும் மிதக்கும். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது" என்றாள் சொர்ணம்மா.

நல்லதம்பி அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சங்கரா மீனின் வாலைப் பிடித்துத் தூக்கினார். மீன் அவரைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது.

இந்தத் தீவின் ஃபீனிக்ஸ் பே கப்பல் பட்டறையில் முப்பது பேரை ஒரு செருமலில் நிமிர வைத்த மேஸ்திரி அவர். அவர் வம்சத்தில் எந்த ஆணும் அடுப்பங்கரைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. சுனாமியன்று காலையில் வீடே ஆடியபோதுகூட, அடுப்பை அணைக்கச் சொல்லி வாசலில் நின்று குரல் கொடுத்தாரே தவிர, உள்ளே போகவில்லை.

இப்போது பதினெட்டு நாளாக உள்ளேதான் இருக்கிறார். பாரதப் போரே பதினெட்டு நாளில் முடிந்துவிட்டது.

எல்லாம் மகள் மீனாவால் வந்தது. சென்னையில் வேலை பார்ப்பவள், அம்மாவின் பிறந்தநாளுக்குத் தபாலில் ஒரு பெட்டி ஒட்டு நகம் அனுப்பியிருந்தாள். செக்கச்செவேலென்று, ஒவ்வொன்றும் பழமிளகாய் நீளம். சொர்ணம்மா பத்தையும் ஒட்டிக்கொண்டாள்.

"கழட்டுடி" என்றார் அன்றே.

"முடியாதுங்க. அதுக்குன்னு ஒரு மருந்து இருக்காம். மெயின்லேண்ட்லதான் கிடைக்குமாம்."

அவரே ஒருநாள் சுண்டுவிரல் நகத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். சொர்ணம்மா போட்ட அலறலில், வாசலில் படுத்திருந்த நாய் ரோட்டைத் தாண்டி ஓடியது. அதோடு அந்த முயற்சியைக் கைவிட்டார்.

"நகம் எதுக்குடி இருக்கு?" என்றார் இப்போது, செதிலைத் தேய்த்தபடி. "பூண்டு உரிக்க, பேன் குத்த, முதுகு சொறிய. உன் நகத்தால இதுல எதையாவது செய்ய முடியுமா? புலிக்குக்கூட வேண்டாதப்போ நகத்தை உள்ளே இழுத்துக்கத் தெரியுது!"

"புலி சோறாக்குறதில்லைங்களே" என்றாள் அவள், விரல்களை விரித்து வெயிலில் பார்த்துக்கொண்டே. "மீன் தலையைத் தூக்கி எறிஞ்சிடாதீங்க. தேங்காயைக் கொஞ்சம் பொடிசாத் துருவுங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பன்னீர்செல்வத்தின் தலை எழும்பியது. நல்லதம்பி சட்டென்று எழுந்து, செதில் ஒட்டிய இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

"க்யா மேஸ்திரி ஸாப்! அண்ணி நேத்து வச்ச ரசம் தெருவுக்கே மணந்துச்சே!"

"அவ கைமணம் அப்படி" என்றார் நல்லதம்பி.

"பெருங்காயம் எவ்வளவு போட்டாங்களாம்?"

"சுண்டைக்காய் அளவு, நெய்யில பொரிச்சு..." என்று ஆர்வமாக ஆரம்பித்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம். எனக்கென்ன தெரியும்?"

உள்ளே வந்ததும் வெடித்தார். "இதோ பாரு, ஞாயித்துக்கிழமை திக்லிபூர்லேர்ந்து மீனாவைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. கிருஷ்ணமூர்த்தி குடும்பம் கௌரவம் பார்க்கிற குடும்பம். பொண்ணோட அம்மா சூர்ப்பனகை மாதிரி உட்கார்ந்திருக்க, அப்பன் கரண்டியோட நின்னா, வந்த பஸ்லயே திரும்பிடுவாங்க. நம்ம மானம் என்ன ஆகும்?"

"அதான் வெள்ளிக்கிழமை கப்பல்ல மீனா வர்றாளே! மருந்தோட வருவா. அதுவரைக்கும் பொறுங்க. குழம்பு தளபுளன்னு கொதிக்குது பாருங்க."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஹாடோ துறைமுகத்துக்குப் போய்விட்டார் நல்லதம்பி. கப்பல் வந்து, ஏணி போட்டு, மீனா பையோடு இறங்கினாள். மூன்று நாள் கடலில் வந்த பெண்ணைச் சாப்பிட்டாயா என்றுகூட அவர் கேட்கவில்லை.

"மருந்து எங்கம்மா?"

"என்ன மருந்துப்பா?"

"அம்மா நகத்தைக் கழட்டுற மருந்து! ஞாயித்துக்கிழமைக்குள்ள கழட்டியாகணும்!"

மீனா சிரித்துவிட்டாள். "அதுக்கு மருந்து எதுக்குப்பா? ஸ்டிக்கர் பொட்டு மாதிரிதான், பிடிச்சு இழுத்தா கையோட வந்துடும்" என்றவள், பையைத் திறந்து நான்கு நகப் பெட்டிகளை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நீங்க மார்க்கெட்டுக்குக் கிளம்பினதும் கழட்டுறதும், கேட் சத்தம் கேட்டதும் ஒட்டுறதுமா இருந்ததுல பழசுல பசையே போயிடுச்சாம், என் கல்யாணம் முடியிறவரைக்கும் தாங்குற மாதிரி வாங்கிட்டு வரச் சொன்னாங்க அம்மா."