கதவடியில் வந்த செம்பருத்தி

எங்கள் அடுக்ககத்தில் அறிவியல் மனப்பான்மை உள்ள ஒரே உயிர் நான்தான். ஊரடங்கில் எல்லாரும் அடைந்து கிடந்தபோது, செடிகொடிகளை நரம்பு நரம்பாக வரையும் மூன்றாம் மாடி ஹெலன் அக்கா, தினமும் ஒரு படத்தை ஏதாவது ஒரு வீட்டுக் கதவடியில் செருகிவிட்டுப் போனார். ஆமணக்கு வந்த வீட்டில் காய்ச்சல். ஊமத்தை வந்த வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். அதன்பின் படம் வந்தவர்கள் அதை ஓசைப்படாமல் அடுத்த வீட்டுக்குள் தள்ள ஆரம்பித்தார்கள்.

“படம் பார்த்தா கொரோனா வருமாண்ணே? படிச்சவர்தானே நீங்க?” என்று எதிர்வீட்டுச் செல்லப்பா அண்ணனிடம் கேட்டேன்.

“வராதுதான் தம்பி. ஆனா ஒருத்தங்க எதுக்கு இப்படிச் சும்மா குடுக்குறாங்க? அதான் இடிக்குது.”

மறுநாள் எங்களுக்குச் செம்பருத்தி வந்தது. புழு தின்ற இலையின் ஓட்டையைக்கூட விடாமல் வரைந்திருந்தார். அழகாகத்தான் இருந்தது. உள்ளே அம்மா இருமினாள். நான் வெறுங்காலோடு எதிர்வீட்டு வாசலுக்குப் போய், குனிந்து, படத்தைக் கதவடியில் தள்ளினேன். பாதி போனதும் நின்றது. பிறகு மெல்ல என் பக்கமாகவே நகர்ந்து வரத் தொடங்கியது.