ரேகைப் பொருத்தம்

பெண் பார்க்க வந்தவர்களிடம் மரகதத்தைச் சமையல்காரி என்றுதான் மகள் மிருதுளா சொல்லி வைத்திருந்தாள். மரகதத்தின் இரண்டு கைகளிலும் நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டிரண்டு விரல்கள்தான். அந்தக் கையால் கேசரி கிண்டி அனுப்பிவிட்டு, சமையலறைக் கதவிடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேசரி அருமைங்க. சமையக்காரம்மாவுக்கு நல்ல கைப்பக்குவம்," என்றான் மாப்பிள்ளை.

ஜாதகம் பார்க்கும் வழக்கம் போய், ரேகை பார்க்கும் வழக்கம் வந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, கைரேகையைப் படித்துப் பலன் காட்டும் கண்ணாடித் தட்டை நீட்டினாள். மரகதத்துக்குப் பயமில்லை. மகள் பிறந்த அன்றே அவள் மூன்று தடவை எண்ணிப் பார்த்த பத்து விரல்கள் அவை.

மிருதுளா கையை வைத்தாள். தட்டு சிவந்தது.

"விரல் அஞ்சும் லட்சணமாத்தான் இருக்குது. உள்ளங்கையில ரேகைதான் பொளந்து ஓடுது," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "பேரன் பேத்திக்கு விரல் இருக்காதுன்னு காட்டுது. உன்ற வகையறாவுல யாருக்கும்மா கை இப்படி?"

"யாருக்கும் இல்லீங்க அத்தை."

"தட்டு பொய் சொல்லாது. டேய், எந்திரி, கெளம்பலாம்."

மாப்பிள்ளை எழுந்துவிட்டான். மிருதுளா சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா!" என்று கத்தினாள்.

காலையிலிருந்து அவள் அந்தச் சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதற்காகவே காத்திருந்தவள்போல், "என்ன கண்ணு?" என்று முந்தானையில் கையைத் துடைத்தபடி மரகதம் கூடத்துக்கு ஓடி வந்தாள்.

மிருதுளா அவள் மணிக்கட்டைப் பற்றி, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

"இந்தக் கையிலிருந்து வந்ததுங்க. எம்மேல என்னங்க தப்பு?"