கொட்டலசின் ஆத்திரம்

படகின் அடியில் சுண்ணாம்பு ஓடு கட்டி ஒட்டிக்கொண்டிருந்த சின்னக் கடலுயிரான மூத்த கொட்டலசுக்குக் கோபம் கோபமாக வந்தது. முன்பெல்லாம் படகு பாய்ந்து ஓடும். ஓடுகிற தண்ணீரில் இரை தானாக வாய்க்குள் வந்து விழும். இப்போதோ படகு நகரவே முனகியது. கொட்டலசுக்கு அரை வயிறுதான்.

"படகுக்காரன் சிலுவைப்பிச்சை இருக்கானே, சுத்தச் சோம்பேறி!" என்று பக்கத்தில் பாசி மேய்ந்த ஓரா மீனிடம் பொரிந்து தள்ளியது. மூக்கால் இழுத்துப் பேசும் அவன் குரலில் அப்படியே பேசியும் காட்டியது: "'இஞ்சின்லதாம்ப்பா கோளாறு, அப்புறம் பாப்போம்!' இஞ்சின் என்னடா செய்யும்? என்னிக்காவது குனிஞ்சு அடியைப் பாத்தியாடா?"

"அடியில நீங்க இத்தனை பேரு அப்பியிருக்கீங்களே அண்ணாச்சி, அந்தப் பாரம்தான்..." என்று இழுத்தது ஓரா.

"என்னையும் சேர்த்துச் சொல்லாத! அவனுங்க நேத்து வந்து ஒட்டினவனுங்க. நான் இந்தப் படகுக்குப் பாதி முதலாளி!"

ஒருநாள் சிலுவைப்பிச்சை படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டியை எடுத்தான். கொட்டலசு பூரித்துப்போனது. "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே! பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட இருந்து ஆரம்பி. நல்லா அழுத்திச் சுரண்டு!"

அவன் நன்றாகவே சுரண்டினான். புதுச் சாயம் பூசிய படகு அலையைக் கிழித்துக்கொண்டு பறந்தது.

ஈர மணலில் மல்லாந்து கிடந்த கொட்டலசு தொண்டை கிழியக் கத்தியது: "டேய் சிலுவை! ஆள் ஏறுறதுக்குள்ள எடுத்துட்டுப் போறியே, அறிவிருக்காடா உனக்கு?"