ஆம்பளைங்க வெளிய நில்லுங்க

"வா, போவலாம்னு சொன்னேன்ல? எந்திரி!"

அந்த ஆள் போட்ட சத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். பெரம்பலூரில் புதன்கிழமைதோறும் மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கிற இடம் அது. உள்ளே டாக்டர் அறை. வெளியே பெண்கள் காத்திருக்கும் கூடம்.

பச்சையம்மாளுக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. சற்று முன்புதான் பேர், ஊர் எல்லாம் விசாரித்திருந்தாள். அவன் முத்துவேல், அரியலூர்ப் பக்கம் சிமெண்டு மூட்டை ஏற்றுகிறவன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தவள் அவன் மனைவி கிருஷ்ணம்மாள்.

"கொஞ்சம் பொறுங்க. இவ்ளோ தூரம் வந்துட்டு..."

"என்னத்தப் பொறுக்கிறது? உள்ள படிக்கிற புள்ளைங்க நிக்குது. சுத்தி நின்னு பாக்குமாம், தொடுமாம், அந்தம்மா பாடம் நடத்துமாம். மானம் போனா திரும்ப வருமா?"

நர்ஸ் பரிமளா உள்ளேயிருந்து தலையை நீட்டினாள். "ஏங்க, எத்தன வாட்டி சொல்றது? ஆம்பளைங்க வெளிய நில்லுங்க. இது பொம்பளைங்க எடம்."

"அதத்தானே நானும் சொல்றேன்! இங்க நிக்கவே கூசுது."

"கூசுதா?" பச்சையம்மாள் எழுந்தேவிட்டாள். "உசுரு ஊசலாடுது, ஒனக்குக் கூசுதா?" கிருஷ்ணம்மாள் பக்கம் குனிந்தாள். "கட்டி எத்தன நாளா இருக்கு தாயி?"

"பொங்கலுக்கு முன்னாடி பாத்தது அக்கா. கடலைக்கொட்டை கணக்கா இருந்துச்சு, இப்ப புண்ணாயிருச்சு. தெனமும் கெஞ்சுறேன். சுண்ணாம்பு தடவுனா அமுங்கிடும்கிறாரு."

"சுண்ணாம்பா! அத அள்ளி இவன் வாயில போடணும்."

பச்சையம்மாளின் தங்கை மருதாயிக்கும் இப்படித்தான் ஆனது. ஊருக்குத் தெரிந்தால் அசிங்கம் என்று அவள் புருசன் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தான். தூக்கிக்கொண்டு வந்தபோது கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டிருந்தது. அவளைப் புதைத்த வருசமே பச்சையம்மாளுக்கும் கட்டி வந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் பஸ் ஏறி நேராக இங்கே வந்துவிட்டாள். ஒரு பக்க மார்பு போனது. ஆள் இருக்கிறாள். முந்திரிக்காட்டு வேலைக்கும் போகிறாள்.

"உள்ள இருக்கிற அந்தம்மாவ யாருன்னு நெனச்ச?" என்று முத்துவேலின் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள். "குரும்பலூருல பொறந்த பொண்ணு. மெட்ராசுல படிச்சு, வெளிநாடு போயி ஆராய்ச்சி பண்ணி, பெரிய காலேசுல டாக்டருங்களுக்கே பாடம் எடுக்கிறாங்க. ஆயுசு பூரா இந்த ஒரு நோவத்தான் படிச்சிருக்காங்க. நம்ம பக்கத்து சனங்க ஏன் முத்துன பொறவு வருதுன்னு அதுக்கே தனியா ஆராய்ச்சி எழுதுனவங்க. எழுதவே வேணாம், ஒன் மூஞ்சியப் போட்டோ புடிச்சு ஒட்டியிருந்தா போதும்!"

பெஞ்சில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். முத்துவேல் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தான்.

"பெரிய டாக்டருன்னா அவங்களே பாக்கட்டும். புள்ளைங்க எதுக்கு?"

"இன்னிக்கு அதுங்க தொட்டுப் பாத்துக் கத்துக்கலன்னா நாளைக்கு ஒன் பேத்திக்கு எவன்யா வைத்தியம் பாப்பான்? எங்கிட்ட, 'தொடலாமாம்மா'ன்னு கேட்டுட்டுத்தான் தொட்டுச்சுங்க. நீ ஒம் பொண்டாட்டிகிட்ட ஒரு நாளாச்சும் அப்படிக் கேட்டிருப்பியா?"

இப்போது கூடமே சிரித்தது. முத்துவேலின் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அக்கா, அவர ஒண்ணும் சொல்லாதீங்க. அது வந்து..." என்று கிருஷ்ணம்மாள் ஆரம்பித்தாள்.

"வாய மூடுடி!" என்று அதட்டினான். அவள் கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைக் கசக்கினாள்.

"பாத்தீங்களா? வாயத் தொறக்க வுடுறானா? இன்னும் இவனுக்குப் பரிஞ்சு பேசுறியே, நீயெல்லாம் என்ன செம்மம்?"

முத்துவேல் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தான். "அரியலூர் பஸ் போயிரும், வா."

பச்சையம்மாள் ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "என்னத் தாண்டிப் போ, பாப்போம். என் தங்கச்சிய வுட்ட மாதிரி இன்னொரு உசுர வுட மாட்டேன்."

சத்தம் கேட்டு டாக்டர் ஜெயசித்ராவே வெளியே வந்துவிட்டார். பின்னால் வெள்ளைக்கோட்டு மாணவர்கள்.

"என்ன இங்க சண்டை?"

"பாருங்கம்மா, கட்டி புண்ணாகிக் கெடக்கு. வைத்தியம் பாக்காம பஸ் ஏறப் போறானாம். போலீசக் கூப்புடுங்க!"

கிருஷ்ணம்மாள் கசங்கிப்போன சீட்டை நீட்டினாள். டாக்டர் அதை வாங்கிப் படித்தார். முத்துவேலை ஏறிட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லாதது பச்சையம்மாளுக்குப் பிடிக்கவில்லை. இந்த மாதிரி ஆளுக்கு என்ன பொறுமை?

டாக்டர் மாணவர்களிடம் திரும்பினார். "இவங்கள நான் மட்டும் பாக்குறேன். யாரும் உள்ள வர வேணாம்."

முத்துவேல் மனைவியின் கையை விட்டான். கண் கலங்கியிருந்தது.

"இப்ப என்ன சொல்லுவ? புள்ளைங்களும் இல்ல." பச்சையம்மாள் கிருஷ்ணம்மாளின் தோளைப் பிடித்து அறைப் பக்கம் தள்ளினாள். "போ தாயி. எவன் தடுக்கிறான்னு நான் பாத்துக்கிறேன்."

கிருஷ்ணம்மாள் நகரவில்லை.

"நீங்க உக்காருங்கம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, டாக்டர் முத்துவேலின் கையைப் பிடித்தார். "ஆம்பளைங்களுக்கும் வர்ற நோவுதாண்ணே இது. கூச்சப்படாம உள்ள வந்து சட்டையக் கழட்டுங்க."