உட்காராத நர்ஸ்

"இப்போ எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டபடி, வார்டு நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

கட்டிலில் படுத்திருந்த, தெருவே 'சிஸ்டரம்மா' என்று கூப்பிடும் எண்பது வயதுக்காரி சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"நீ எதுக்கு உட்கார்றே? முதல்ல எழுந்திரு!"

"இன்னிக்கு வார்டுல கூட்டமே இல்லம்மா. கொஞ்சம் பேசிட்டிருக்கலாமேன்னு..." நர்ஸ் ஆதரவாகக் கையைப் பிடித்தாள்.

சிஸ்டரம்மாவுக்கு உடம்பெல்லாம் வெடவெடத்தது. நர்ஸ் பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

"குண்டு மழையிலேயே விமானத்துல பறந்தவ, ஒரு நாற்காலிக்கா பயப்படுறே?" என்றார் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த கணவர்.

"உங்களுக்கு என்ன தெரியும்? அடிபட்ட சிப்பாய்களை முப்பது வருஷம் ராணுவ விமானத்துல கூட்டிட்டு வந்தவ நான். நின்னுக்கிட்டேதான் வேலை. விமானம் தரையிறங்குற வரைக்கும் ஒருத்தன் தாங்க மாட்டான்னு தெரிஞ்சா மட்டும்தான், பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்குவேன். என் கதை முடிஞ்சுதுங்க!"

கணவர் அதே நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கா தெரியாது? அன்னிக்கு விமானத்துல என் பக்கத்துலயும்தானே வந்து உட்கார்ந்தே! அம்பது வருஷமா உன் உயிரை வாங்கிட்டிருக்கிறது யாராம்?"